துருவும் அரிப்பும்: மக்னீசியம் எழுப்பும் வினாக்கள்

உலோகங்களின் அழிவைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் தமிழில் அறிவியல் எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைக் கையாளுகின்றனர். உலோகம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் கூடித் துருப்பிடிக்கிறது என்பதே அது. எளிய வாக்கியந்தான், பிள்ளைகள் மனத்தில் விரைந்து பதிவதுந்தான். இரும்பை எழுவாயாகக் கொண்டால் அதில் குறை கூற இடமில்லை. உலோகம் என்னும் பொதுப்பெயரை எழுவாயாக்கிய அக்கணமே அது வழுவாகிவிடுகிறது. தருக்க நூலார் இதனை அதிவியாத்தி என்பர். கொம்புடையது பசு என்று இலக்கணம் வகுத்தால் எருமையும் ஆடும் பசுவாகிவிடுவது போல, இரும்புக்குரிய இயல்பை உலோகம் அனைத்திற்கும் ஏற்றிவிடுகிறோம்.

சொற்பூசல் என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் எம்மொழியில் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் வழக்கு 2003-இல் தொடங்கியது. அவ்வாண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. 2009-இல் அம்முறையைக் கைவிட முடிவு செய்யப்பட்டது; அதன்பின் படிப்படியாகப் பாடங்கள் தமிழுக்குத் திரும்பின. 2016-இல் இருமொழித் திட்டம் வந்து அவ்வினாவை மீண்டும் எழுப்பிற்று. தமிழில் அறிவியலைச் சொல்ல முடியும் என்று மேடையேறிப் பேசுவோர் பலர். எப்படிச் சொல்லியிருக்கிறோம் என்று ஏட்டைத் திறந்து பார்ப்போர் சிலரே. முடியும் என்பதற்குச் சான்று மேடையில் இல்லை, வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு வாக்கியத்தை எடுத்து உரசிப் பார்க்கலாம். உரைகல்லாக மக்னீசியத்தைக் கொள்வோம்.

துருப்பிடித்தல் நம் ஆரம்பப் பள்ளிப் பாடங்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வந்த தலைப்பு. அதற்குரிய சோதனை ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. மூன்று சோதனைக் குழாய்கள், மூன்று இரும்பாணிகள். ஒன்றில் நீரும் காற்றும் உண்டு. மற்றொன்றில் காற்று உண்டு. ஈரத்தை உறிஞ்சும் பொருள் இட்டு உலர்த்தப்பட்டிருக்கும். மூன்றாவதில் கொதித்தாறிய நீர். அதன்மேல் ஒரு படலம் எண்ணெய். முதற்குழாயில் மட்டும் ஆணி துருவேறும். நீரும் வேண்டும், காற்றும் வேண்டும் என்று பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். நல்ல சோதனை, அதை வகுத்தவரை வாழ்த்தலாம்.

மூன்றாங்குழாயில் ஆணியை எடுத்துவிட்டு, உப்புத்தாளால் நன்கு தேய்த்த மக்னீசிய நாடாத் துண்டொன்றை இடுக. நீரில் சிறிது கறியுப்பும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்திருக்க வேண்டும். எண்ணெய் மேலே மூடிக் கிடக்கிறது, காற்றுக்கு வழியில்லை. நம் வாக்கியத்தின்படி நாடாவுக்கு ஒன்றும் நேரலாகாது. நேர்வதோ வேறு. நாடாவின் உடம்பெங்கும் சிறு குமிழிகள் அரும்பி, ஒவ்வொன்றாக விடுபட்டு, எண்ணெய்ப் படலத்தைத் துளைத்துக்கொண்டு மேலேறும். சில நேரம் சென்றால் வெண்ணிற நாடாவில் கரும்புள்ளிகள் தோன்றிப் பரவும், நீர் வெண்கலங்கலாகும். மக்னீசியம் அழிகிறது. ஆக்சிஜனை அது எதிர்பார்க்கவே இல்லை. நீரே அதற்குப் போதும். நீரிலிருந்து ஹைட்ரஜனை விடுவித்துவிட்டு, தான் ஹைட்ராக்சைடாகி வெண்பொடியாகப் படிகிறது.

துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும் என்று ஏட்டில் எழுதிய மாணவன் இக்குழாயைக் கண்டபின் என்ன விடை எழுதுவான்? கண்டதை எழுதினால் மதிப்பெண் போகும், ஏட்டிலுள்ளதை எழுதினால் கண் பொய்யாகும். அறிவியல் பாடம் ஒரு பிள்ளையை இந்த நெருக்கடியில் நிறுத்தலாகாது. நிறுத்துவது மக்னீசியத்தின் குற்றமன்று, எழுவாயைப் பார்த்து எழுதாத நம் குற்றம்.

இந்த உலோகத்தின் பிறப்பிடங்களுள் ஒன்று தமிழ் மண்ணில் உள்ளது. சேலத்துக்கருகே வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் குன்றுகள் மக்னசைட் என்னும் தாது நிறைந்தவை. மக்னீசியக் கார்பனேட்டாகிய அக்கல் பெரும்பாலும் உலைகளுக்கான வெப்பந்தாங்கும் செங்கல் செய்யவே போகிறது. அதே சேலத்தில்தான் 1916-இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கம் கண்டனர். தமிழ்ச் சொல்லாக்கத்திற்கு எழுந்த அச்சங்கம் தன் இதழை ஆங்கிலத்தில் வெளியிட்டது என்பது இன்று படிப்போர்க்கு நகைப்பைத் தரலாம். அக்காலத்தில் ஆங்கிலம் கற்றவரிடையேதான் இவ்வழக்கை வெல்ல வேண்டியிருந்தது. அதற்கும் முன்பே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'கெமிஸ்தம்' என்று பெயரிட்ட வேதியியல் நூல் அவர் முயற்சியால் 1875-இல் வந்தது. தமிழில் இருப்பதை முதலில் தேடு, இல்லையெனில் பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இயைய வாங்கு என்னும் அவர் நெறியில் எனக்கு இன்றும் மதிப்புண்டு. பிறமொழிச் சொல்லை வாங்குவதில் அவருக்குக் கூச்சமில்லை. உள்ளூர்ச் சொல்லைத் தேடுவதில் சோம்பலும் இல்லை. நம்மிடையே இவ்விரண்டும் மாறிக் கிடக்கின்றன.

மூன்றாவதாகக் காரைக்குடி. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு 1948 சூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14-இல், பொங்கல் நாளில், அது திறக்கப்பட்டது. 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். அவருடைய தொழில்களுள் மலாயா ரப்பர்த் தோட்டங்களும் அடங்கும் என்பதைக் கெடா வாசகர்கள் நினைவிற் கொள்ளலாம். நம் பாட்டன்மார் சீவிய மரங்களின் பாலில் ஏதோ சில துளி அவ்வாய்வகத்தின் அடித்தளத்தில் கலந்திருக்கக் கூடும். உருகிய மக்னீசியக் குளோரைடில் மின்சாரம் செலுத்தி உலோகத்தைப் பிரிப்பது, மக்னீசிய மின்கலம் செய்வது, கடற்கரையில் உலோகங்கள் எவ்வாறு அழிகின்றன என்று மண்டபத்தில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் தகடுகளை நிறுத்திப் பார்ப்பது ஆகிய மூன்றும் அங்கு நடந்த பணிகள். ஆக்குவதும் பயன்கொள்வதும் அழிவைக் காப்பதும் ஒரே கூரையின்கீழ் தமிழ்நாட்டில் நடந்திருந்தும், அப்பணிகளைப் பற்றித் தமிழில் படிக்க விரும்புவோர்க்கு நாம் கொடுத்திருப்பது மிகக் குறைவு.

இனிச் சொற்களுக்கு வருவோம். தமிழில் உலோகக் கேட்டிற்குச் சொற்பஞ்சம் இல்லை. இரும்புக்குத் துரு என்றும் செம்புக்கும் பித்தளைக்கும் களிம்பு என்றும் நம் முன்னோர் பிரித்தே வழங்கினர். பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பேறும் என்று அஞ்சி ஈயம் பூசிய பாட்டிமார் எவரும் பித்தளை துருப்பிடித்தது என்று சொன்னதில்லை. இரண்டிற்கும் பொதுவாக அரிப்பு உண்டு. அரித்தல் என்பது செல் அரித்தலிலும் ஆற்றுநீர் கரையை அரித்தலிலும் வரும் வினை. சிறிது சிறிதாக, மேலிருந்து உள்ளே, உள்ளதை இல்லாததாக்குவது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதிலிருந்தே அரிமானம் என்றொரு சொல்லைச் செய்துகொண்டன. கட்டுமானம், வருமானம் போன்ற அமைப்பு. செயலுக்குப் பெயராக நன்றாகவே நிற்கிறது. தோலில் ஏற்படும் அரிப்போடு மயங்காமலிருக்க உதவுகிறது என்பதும் அதற்கொரு தகுதி. நாம் பழகிய அரிப்பு என்னும் சொல்லே எனக்குப் போதும். அரிமானம் எழுதுவோரோடு எனக்கு வழக்கில்லை.

வழக்கு துரு என்பதைப் பொதுச்சொல்லாக்கியவரோடுதான். மலாய்மொழி இங்கே நமக்குப் பாடம் சொல்லும். இடைநிலைப்பள்ளி வேதியியல் நூலில் உலோகங்களின் பொது அழிவுக்குக் 'காக்கிசான்' என்றும், இரும்பின் துருவுக்குப் 'பெங்காராத்தான்' என்றும் இரு சொற்கள் பிரிந்தே நிற்கின்றன. தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளை அங்கே இவ்வேறுபாட்டை முதன்முறையாகக் காண்கிறான். தன் தாய்மொழியில் இது இல்லை போலும் என்று எண்ணிவிடுகிறான். அவனுக்குக் கிடைத்த ஏட்டில் இல்லை என்பதே உண்மை. மொழியில் நெடுங்காலமாக இருக்கிறது. பிள்ளை மொழியைக் குறைவாக எண்ணும்படி ஏடு செய்துவிட்டது. என் மனக்குறையெல்லாம் இதுதான்.

இதனினும் கேடானது நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்னும் இணை. ஆங்கிலத்தில் ஆனோடு, கேதோடு என்று வழங்குவனவற்றிற்கு இவை மொழிபெயர்ப்பு. 1834-இல் பாரடே அறிஞர் ஹியூவெலின் உதவியோடு அமைத்த அச்சொற்களில் நேர், எதிர் என்னும் குறிப்பே இல்லை. கிரேக்கத்தில் ஒன்று மேலேறும் வழி, மற்றொன்று கீழிறங்கும் வழி. மின்னோட்டம் நுழையும் வாயிலையும் வெளியேறும் வாயிலையும் ஞாயிற்றின் எழுச்சி வீழ்ச்சியோடு ஒப்பிட்டு இட்ட பெயர்கள். நம்மவர் மின்னாற்பகுத்தலை மட்டும் மனத்திற்கொண்டு, அங்கே மின்கலத்தின் நேர்முனையோடு இணைவதால் ஆனோடை நேர்மின்வாய் ஆக்கினர். ஆனால் உலோகம் தானே அரிபடும்போதும், மின்கலம் தானே மின் தரும்போதும் ஆனோடுதான் எதிர்க்குறி உடையது. ஆகவே 'நேர்மின்வாய் எதிர்மின்சுமை கொண்டது' என்று எழுத நேர்கிறது. இப்படியொரு வாக்கியத்தைப் படித்த மாணவன் வேதியியலை விட்டு வணிகவியலுக்கு ஓடினால் அவனை நோக நியாயமில்லை.

அரிப்பைப் பற்றி எழுதும்போது இவ்விணையை அறவே விடுத்து, கரைமுகம், கழிமுகம் என்றோ வேறு எவ்வாறோ செயலைச் சுட்டும் பெயர் இடுவது நன்று. கழிமுகம் ஆற்றுக்கு உரியதென்று ஆசிரியர்கள் மறுப்பர், மறுக்கட்டும். கரையுமிடம், குமிழியெழுமிடம் என்று நீட்டிச் சொன்னாலும் குற்றமில்லை. ஒரு மக்னீசியத் துண்டில் இவ்விரண்டும் அடுத்தடுத்தே இருக்கின்றன. ஓரிடத்தில் உலோகம் எலக்ட்ரான்களை உள்ளே விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அவ்வெலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே சென்று மற்றோரிடத்தில் நீரைச் சிதைத்து ஹைட்ரஜனை எழுப்புகின்றன. இரண்டிடமும் இருந்தால்தான் அரிப்பு. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நிற்கும். இத்துணை எளிய செய்தி நேர், எதிர் என்னும் குழப்பத்தில் புதைந்து போகிறது.

இரண்டிடமும் எப்படி அமைகின்றன என்பதில்தான் மக்னீசியத்தின் தனித்தன்மை இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு உப்புநீரில் அரிபடும்போது ஊசிக்குத்தியது போன்ற ஆழ்குழிகள் விழும், அதற்குக் குழியரிப்பு என்று பெயரிட்டோம், பொருத்தமே. மக்னீசியத்தின் இட அரிப்பிற்கும் அதே பெயரை ஒட்டுவது பொருந்தாது. இங்கே பெரும்பாலும் அழிவு பக்கவாட்டில் பரவுகிறது. 2008-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி பல்கலைக்கழகத்து வில்லியம்சும் மெக்மரேயும் அதிரும் நுண்முனை ஒன்றை மக்னீசியப் பரப்பின்மீது நகர்த்தி, எவ்விடத்தில் மின்னோட்டம் நீருக்குள் செல்கிறது, எவ்விடத்தில் திரும்புகிறது என்று வரைபடமாக்கினர். உப்புநீரில் முதலில் ஒரு கரும்புள்ளி. அது வட்டமாக விரிகிறது. வட்டத்தின் விளிம்பில்தான் உலோகம் கரைகிறது. கரைந்து கருத்த உட்பகுதி கரைவதை விட்டுவிட்டு ஹைட்ரஜனை எழுப்பும் இடமாக மாறிவிடுகிறது. விளிம்பு முன்னேறுகிறது, பின்னால் விட்டுச் செல்லும் கருநிலம் அதன் முன்னேற்றத்திற்கே துணைநிற்கிறது.

இந்தப் படத்தைக் கண்டதும் தமிழ் கற்றவனுக்கு ஒரு சொல் தானே நாவில் வரவேண்டும். படர்தாமரை! தோலில் வட்டமாகப் படர்ந்து, விளிம்பில் வீறுகொண்டு, நடுவில் அடங்கித் தோன்றும் அந்நோயை அறியாத தோட்டக்குடி இல்லை. மக்னீசியத்தின் இட அரிப்பைப் படர்தாமரை அரிப்பு என்றால் ஒரு சொல்லிலேயே முழு விளக்கமும் அடங்கிவிடும். ஒரே வேறுபாட்டை மட்டும் ஆசிரியர் சொல்லித் தரவேண்டும்: தோலில் நடுப்பகுதி ஆறி வருவது, உலோகத்தில் நடுப்பகுதி ஆறவில்லை, வேறு வேலைக்குப் போயிருக்கிறது. கிறீன் கூறியவாறு உள்ளூர்ச் சொல்லைத் தேடுதல் என்பது இதுவே. அகராதியில் தேடினால் கிடைக்காது; மருந்துக்கடையில் கிடைக்கும்.

அரிப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்பது அடுத்த வினா. இங்கே இரும்பே குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. 1942-இல் ஹானவால்ட், நெல்சன், பெலூபே என்னும் மூவர் மக்னீசியத்தில் கலந்துள்ள அழுக்குகளை ஒவ்வொன்றாக அளந்து, உப்புநீரில் இட்டுப் பார்த்தனர். தூய மக்னீசியத்தில் இரும்பு 0.017 விழுக்காடு வரை இருந்தால் பெருங்கேடில்லை. அவ்வெல்லையைக் கடந்ததும் அரிப்பின் வேகம் திடீரென்று பன்மடங்கு ஏறுகிறது. நிக்கலுக்கு எல்லை இன்னும் குறுகியது; 0.0005 விழுக்காடு, அதாவது பத்து இலட்சத்தில் 5 பங்கு. சிறிது கூடினால் சிறிது கெடும் என்னும் நம் வழக்கமான எண்ணத்திற்கு இது மாறானது. ஒரு வரப்பு வரை ஒன்றுமில்லை. வரப்பு உடைந்தால் வயல் முழுவதும் வெள்ளம். அலோர் ஸ்டார் சுற்றுப்புறத்து நெல்வயல்களை அறிந்தவர்க்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

காரணம் இதுதான். இரும்பு மக்னீசியத்தில் கரைந்து கலவாது; திடப்பட்டபின் நுண்துகள்களாக ஆங்காங்கே தனித்து நிற்கும். மக்னீசியத்தின் மின்னழுத்த நிலை −2.37 வோல்ட், இரும்பினுடையது −0.44. அழுத்த வேறுபாடு பெரிது. மேலும் மக்னீசியத்தின் முகத்தில் ஹைட்ரஜன் எளிதில் எழாது, இரும்பின் முகத்தில் எளிதாக எழும். எனவே ஒவ்வோர் இரும்புத் துகளும் ஒரு குமிழியெழுமிடமாகி, சுற்றியுள்ள மக்னீசியத்தைக் கரைக்கிறது. உலோகத்தை உருக்குவதே எஃகுக் கலத்தில். கலத்திலிருந்தே இரும்பு சிறிது உள்ளே வந்துவிடுகிறது. சிறிது மாங்கனீசு சேர்த்தால் அது இரும்பைப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கும், எஞ்சுவதன் கொடுமையையும் குறைக்கும். இவ்வுண்மை தெரிந்த பின்னும் மிகத் தூய கலவைகள் சந்தைக்கு வர 1980-களாயின.

இங்கே சைவ சித்தாந்தம் பயின்ற ஆசிரியர்களை ஒரு கணம் நிறுத்திக் கேட்கலாம். உயிரோடு ஆணவம் அநாதியே கலந்திருப்பதற்குச் செம்பில் களிம்பை உவமை கூறுவது சித்தாந்த மரபு. களிம்பு வெளியிலிருந்து வந்ததன்று, செம்போடு உடன்தோன்றியது என்பது அவ்வுவமையின் உயிர். வேதியியல் இதை ஒப்பாது. களிம்பு என்பது காற்றும் ஈரமும் புளிப்பும் செம்போடு கூடி உண்டாக்கியது. நன்கு தேய்த்து ஈரம்படாமல் வைத்த செம்பில் பச்சை ஏறாது. சாத்திரத்தைக் குறை கூற நான் இதைச் சொல்லவில்லை. உவமை பொருளை விளக்கவே வந்தது, வேதியியல் கற்பிக்க வரவில்லை. ஆயினும் உடன்தோன்றிய மலத்திற்குச் சரியான உவமை வேண்டுவோர் மக்னீசியத்தினுள் இருக்கும் இரும்பைக் கொள்ளலாம். பிறக்கும்போதே உடன்வந்தது, கண்ணுக்குத் தெரியாதது, தானே அழிவதில்லை, தன்னைத் தாங்கியிருப்பதை அழிக்கிறது. செம்பை விடப் பொருத்தம். அந்நாளில் மக்னீசியம் இல்லாமற்போனது உவமைக்கு நேர்ந்த இழப்பு.

கலப்புலோகங்களில் கதை சற்று வளைகிறது. மிகுதியாகப் பயன்படும் ஒரு கலவையில் அலுமினியம் 9 விழுக்காடும் துத்தநாகம் 1 விழுக்காடும் உண்டு. அலுமினியத்தின் ஒரு பகுதி மக்னீசியத்தோடு கூடித் தனியொரு சேர்மமாக மணிகளின் ஓரங்களில் நிற்கும். அது தொடர்ந்த வலைபோல் அமைந்தால் வேலியாகி அரிப்பைத் தடுக்கும். துண்டுதுண்டாகச் சிதறினால் இரும்புத்துகள் செய்த வேலையைச் சிறிய அளவில் அதுவும் செய்யும். வேலியே பயிரை மேய்வதென்பது இங்கே பழமொழியன்று, உலோகவியல். நூலெழுதுவோர் இச்சேர்மத்தை நல்லது என்றோ தீயது என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடக் கூடாது.

இனி எல்லாவற்றினும் வியப்பானது. துத்தநாகத்தை அமிலத்தில் இட்டால் கரைந்து ஹைட்ரஜனை எழுப்பும். வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி அதை மேலும் கரையத் தூண்டினால், கரைதல் கூடும், குமிழிகள் குறையும். எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றுக்கு இழுக்கப்படுவதால் குமிழியெழுப்ப மிஞ்சுவன குறைகின்றன, நியாயந்தான். மக்னீசியத்தை அவ்வாறு தூண்டினால் கரைதலும் கூடும், குமிழிகளும் கூடும். 1866-இலேயே பீட்ஸ் என்னும் ஜெர்மானியர் இதைக் கண்டார். காரணம் கூற முற்பட்டோர் பலர். 1954-இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்து வேதியியலார் ஒரு விளக்கம் தந்தனர்: மக்னீசியம் முதலில் ஒரே எலக்ட்ரானை இழந்து ஒற்றை மின்சுமையோடு நீருக்குள் வருகிறது, அங்கே நீரோடு மோதி ஹைட்ரஜனை எழுப்பி இரண்டாம் எலக்ட்ரானையும் இழக்கிறது என்பது. கணக்கு அழகாகப் பொருந்திற்று. பல பத்தாண்டுகள் நூல்களில் வாழ்ந்தது. அந்த ஒற்றைச்சுமை மக்னீசியத்தை நீரில் நேரே கண்டு ஐயமற நிறுவியவர் மட்டும் இல்லை.

ஸ்வான்சி ஆய்வாளர் வரைந்த கருவட்டங்களும், எழும் ஹைட்ரஜனைச் சேர்த்து அளந்த பிறர் கணக்குகளும் வந்த பின்னர்க் கருத்து மாறிற்று. கரைந்த பரப்பே முன்னைவிட எளிதாக ஹைட்ரஜனை எழுப்பும் பரப்பாகிறது. தூண்டத் தூண்டக் கருநிலம் பெருகுகிறது, குமிழிகளும் பெருகுகின்றன. 2013-இல் பிராங்கெல், சமனியேகோ, பிர்பிலிஸ் ஆகியோர் இவ்வழியே எழுதினர். கருநிலத்திற்கு அவ்வாற்றலைத் தருவது அதில் செறியும் இரும்பா, படலத்தின் அமைப்பா என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. தமிழ் நூல்களில் அரிதாகவே காணும் ஒரு வகை வாக்கியம் இங்கே தேவைப்படுகிறது: இன்னார் இவ்வாறு கூறினர், பின்னார் மறுத்தனர், வழக்கு நடக்கிறது என்பது. நம் உரையாசிரியர்கள் இக்கலையில் வல்லவர்கள். ஒரு நூற்பாவிற்கு முன்னோர் கூறிய உரையை எடுத்துக்காட்டி, அது பொருந்தாது என்று காரணத்தோடு மறுத்து, தம் உரையை நிறுத்துவது அவர்கள் வழக்கம். அம்மரபில் வந்தவர்கள் அறிவியல் எழுத அமர்ந்தவுடன் எல்லாம் முடிந்த முடிபு என்னும் தொனிக்கு ஏன் மாறிவிடுகிறார்கள்?

பயன் என்ன என்று கேட்போருக்கும் விடை உண்டு. மக்னீசியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், அலுமினியம் 2.70, இரும்பு 7.87. எடை குறைக்க விரும்பும் வண்டிகளும் கருவிகளும் இதை நாடுவது இயல்பு. கூலிமில் 1996-இல் திறக்கப்பட்ட உயர்தொழில்நுட்பப் பூங்காவைப் போன்ற இடங்களில் வேலைக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உலோகங்களின் இயல்பு ஏட்டுச் சுரைக்காய் அன்று. மருத்துவத்திலும் இதற்கொரு வரலாறு உண்டு. 1907-இல் பெல்ஜிய நாட்டு அறுவை மருத்துவர் லாம்போட் முறிந்த காலெலும்பை மக்னீசியத் தகட்டால் இணைத்தார். தகட்டை இறுக்கப் பொன்முலாம் பூசிய எஃகாணிகளைப் பயன்படுத்தினார். எட்டே நாளில் தகடு சிதைந்தது. தோலுக்கடியில் வாயு திரண்டு வீங்கிற்று. பொன்னும் எஃகும் உப்புநீர் போன்ற உடல்நீரில் மக்னீசியத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பது மேலே கூறியதிலிருந்தே விளங்கும். இன்று அதே கரைதலை நன்மையாக்கிக்கொண்டனர். எலும்பு கூடியபின் தானே கரைந்துபோகும் மக்னீசியக் கலவைத் திருகாணி ஒன்று 2013-இல் ஐரோப்பாவில் ஏற்பளிப்புப் பெற்றது. எவ்வளவு விரைவில் கரையும், எவ்வளவு வாயு எழும் என்று கணிக்கத் தெரிந்ததே வேறுபாடு.

கணக்கும் கடினமன்று. 24.3 கிராம் மக்னீசியம் முழுதும் அரிபட்டால் ஒரு மோல் ஹைட்ரஜன் எழும். நம் நாட்டு வெப்பத்தில் அது ஏறத்தாழ 25 லிட்டர். ஆகவே ஒரு கிராம் உலோகத்திற்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு. ஒரு மில்லிகிராமிற்கு ஒரு மில்லிலிட்டர். உப்புநீரில் நாடாவை இட்டு, அதன்மேல் புனலைக் கவிழ்த்து, புனற்காம்பின்மேல் நீர் நிறைத்த அளவுக்குழாயைத் தலைகீழாக நிறுத்தினால், குழாயில் இறங்கும் நீர்மட்டத்தைப் பார்த்தே எவ்வளவு உலோகம் அழிந்தது என்று பிள்ளைகள் வாசித்துவிடலாம். ஆய்வுக்கூடங்களும் இம்முறையையே கையாளுகின்றன. இரும்புத்துருவை அளக்க இத்தகைய எளிய வழி பள்ளியில் இல்லை. அருகில் தீச்சுடர் இருக்கக் கூடாது என்பதை மட்டும் மறவாதிருக்க வேண்டும்.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. தூண்டத் தூண்டக் குமிழி பெருகும் அவ்வியல்புக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'எதிர்மறை வேறுபாட்டு விளைவு' என்றாகும். ஏதோவொரு கழித்தற் கணக்கில் விடை எதிர்க்குறி பெற்றதால் வந்த பெயர் அது. மூலத்திலேயே பொருள் விளங்காத பெயர். இதைத் தமிழாக்கிச் சுமப்பதில் பயனில்லை. குமிழிப் பெருக்கம் என்று சொல்லிப் பார்த்தேன், தூண்டலைக் குறிக்கவில்லை. தூண்டு குமிழி என்றால் சுருக்கமாக இருக்கிறது, வினைத்தொகையாகவும் அமைகிறது. ஆனால் முரண்பாட்டுக் குறிப்பு அதில் இல்லை. ஆசிரியர்களுள் எவருக்கேனும் இதனினும் பொருத்தமான சொல் தோன்றினால், காரணத்தோடு இப்பகுதிக்கு எழுதியனுப்பலாம்.